ஆறாவது வயர்

கம்பெனியில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ரிட்டர்ன்" என்பார்கள். "ரிட்டர்ன் வந்தாச்சா?", "ரிட்டர்னுக்கு ஒரு டீ சொல்லுப்பா." லிஃப்ட் பழுது பார்க்கும் முப்பது பேரில், வேலையை முடித்துவிட்டு மறுபடியும் அதே கட்டிடத்துக்குத் திரும்பிப் போகிறவன் நான் ஒருத்தன்தான். ஒரு தடவை போனால் பொறுப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். நான் நாலு தடவை போவேன். அப்படியும் மனசு ஆறாவிட்டால் வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, "லிஃப்ட் நல்லா ஓடுதா அண்ணே?" என்று கேட்பேன். அவர் "ஓடுது" என்றால் பத்து நிமிஷம் நிம்மதி. பதினோராவது நிமிஷம் பழைய குருடி கதவைத் திறடி.

பயம் எதைப் பற்றி என்று சொல்லிவிடுகிறேன். எல்லா மாடிக் கதவுகளும் ஒழுங்காகச் சாத்தியிருந்தால்தான் லிஃப்ட் நகரும். ஒரு கதவு விரல் அளவு திறந்திருந்தாலும் நின்றுவிடும். எந்தக் கதவில் கோளாறு என்று கண்டுபிடிக்க, மொட்டை மாடியில் உள்ள மெஷின் ரூமில், லிஃப்டைக் கட்டுப்படுத்தும் பேனலில், இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சின்ன வயரை மாட்டுவோம். ஜம்பர் என்று பெயர். அதை மாட்டியதும், எல்லாக் கதவும் சாத்தியிருப்பதாக லிஃப்ட் நம்பிவிடும். வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். மறந்தால், கதவு திறந்து கிடக்கும்போதே லிஃப்ட் தன் பாட்டுக்கு வேறு மாடிக்குப் போய்விடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்களில் ஒருத்தன் மறந்தான். இரண்டு கையிலும் பையை வைத்துக்கொண்டு, பின்னால் யாரிடமோ பேசிக்கொண்டே ஒரு பெண் காலை எடுத்து உள்ளே வைத்தாள். அவளை எடுக்க லிஃப்ட் குழிக்குள் இறங்கியவர்களில் நானும் ஒருவன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு கம்பெனி ஆளுக்கு ஐந்து சிவப்பு ஜம்பர் கொடுத்தது. இரண்டு முனையிலும் கவ்விகள், ஒவ்வொன்றிலும் நம்பர். கிளம்பும்போது ஐந்தையும் எண்ணி, மெஷின் ரூம் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு, தெருமுனை வரும்போதே சந்தேகம் வந்துவிடும். எண்ணினேனா? நாலை ஐந்து என்று எண்ணிவிட்டேனா? பையைத் திறந்து பார்ப்பேன். ஐந்து இருக்கும். இருந்தாலும் வண்டியைத் திருப்புவேன்.

என் மனைவி ஒரு தையல் யூனிட்டில் தரம் பார்க்கும் வேலை செய்கிறாள். ஒரு சட்டையை ஒரு தடவை புரட்டிப் பார்த்து, சரி தப்பு என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பாள். "ஒரு சட்டைய நாலு தடவ பாத்தா எனக்கு வேலை போயிடும். உங்களுக்கு எப்படிங்க இன்னும் போகாம இருக்கு?" என்று கேட்டாள். போகிற மாதிரிதான் இருந்தது. சூப்பர்வைசர் இரண்டு தடவை எச்சரித்திருந்தார். பிறகு ஒருநாள் அவளே என்னை மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். மேஜையில் ஒரு காகிதம், ஒரு பேனா, அவ்வளவுதான். ஒரு வட்டம் போட்டார்.

"பயம் வருது. நீங்க போய்ப் பாக்கறீங்க. நிம்மதி கிடைக்குது. இந்த நிம்மதிதான் கூலி. கூலி கிடைச்ச வேலைய மூளை மறக்காது. அடுத்த தடவ நிம்மதி வேணும்னா, முதல்ல பயத்த வரவழைக்கும்."

"அப்ப என் மூளை தினக்கூலிக்கு வேலை பாக்குதுங்களா?"

"ஆமா. ஓவர்டைமும் பாக்குது," என்றார் சிரிக்காமல். "பயம் ஏறினா, யோசிக்கற பகுதி ஒதுங்கிக்கும். பழக்கம் வந்து வண்டிய ஓட்டும். அதனால பயத்தோட வாதாடாதீங்க, ஜெயிக்க முடியாது. போகாம ஒரு இடத்துல உக்காருங்க. அது உடம்புல எங்க இருக்குன்னு வேடிக்கை பாருங்க. தலையில ஆரம்பிச்சு கால் விரல் வரைக்கும், ஒவ்வொரு இடமா. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கிடும். கூலி கிடைக்கலன்னா நாளடைவுல வர்றத நிறுத்திக்கும்."

நான் மூன்று வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "நெஜமாவே மறந்திருந்தா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "வேலை முடியறப்ப ஒரு தடவ நிதானமா பாருங்க. அந்த ஒரு தடவ உங்க தொழில். மிச்சம் மூணு தடவ உங்க வியாதி," என்றார். என் மனைவி பக்கம் திரும்பி, "இவர் ஆறுதல் கேட்டா யாரும் கொடுக்காதீங்க. வாட்ச்மேன்களும்தான்," என்றார்.

இவளிடம் ஒன்றைச் சொன்னால் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். என் போனில் இருந்த நம்பர்களை எடுத்து ஒவ்வொரு வாட்ச்மேனுக்கும் பேசினாள். காலண்டரில் நான் திரும்பிப் போகாத ஒவ்வொரு நாளுக்கும் பச்சைப் பேனாவால் கோடு போட்டாள். முதல் வாரம் நரகம். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, நெஞ்சு அடிப்பதையும் நாக்கு வறள்வதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போகிறவர்கள் பெட்ரோல் தீர்ந்த ஆசாமி என்று நினைத்திருப்பார்கள். ஆனால் டாக்டர் சொன்னபடியே அது ஏறியது, இறங்கியது. பத்தொன்பது கோடுகள் விழுந்தன. "இருபது ஆனா உங்களுக்குப் புதுச் சட்டை. நானே பாத்து எடுக்கறேன், ஒரே தடவ பாத்து," என்றாள்.

இருபதாவது நாள் காலையில் போனது எட்டு மாடிக் கட்டிடம். மூன்றாவது மாடி முழுக்கக் கண் ஆஸ்பத்திரி. பழைய லிஃப்ட், கையால் இழுத்துத் திறக்கும் கதவுகள். அங்கே யாருக்கும் கதவைச் சாத்தும் பழக்கம் கிடையாது. திறந்தபடி விட்டுவிட்டுப் போவார்கள், லிஃப்ட் நின்றுவிடும், எல்லோரும் வாட்ச்மேனைத் திட்டுவார்கள். பாவம் அந்த மனுஷன் நாளெல்லாம் மாடி மாடியாக ஏறிக் கதவைச் சாத்துவார். போதாக்குறைக்கு மூன்றாவது மாடிக் கதவின் பூட்டு தேய்ந்து, சாத்தினாலும் லிஃப்ட் நின்றது. புதுப் பூட்டு மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன். ஐந்து ஜம்பரையும் எண்ணினேன், எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். நிதானமாக, ஒரே தடவை. பையை வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நிமிர்ந்தேன்.

கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கண்ணில் கட்டு. ஒருவர் மருந்து ஊற்றிய கண்ணை இடுக்கிக்கொண்டு சுவரைத் தடவியபடி வந்தார். இவர்கள்தானே அந்த லிஃப்ட்டில் போகப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்பு போதுமாக இருந்தது. வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது.

யாருக்கும் தெரியாமல் பின்படி வழியாக எட்டு மாடி ஏறினேன். மெஷின் ரூமைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்போது போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, முடிஞ்சிதா? திரும்பிப் போகலையே?"

"இல்லையே. ரோட்டுல இருக்கேன்," என்றேன்.

"இருபதுங்க!" என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். ஒரு கையால் பேனலைச் சாத்தி, சத்தம் கேட்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு, திருடன் மாதிரி படியிறங்கி ஓடினேன். வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. கூலி கிடைத்துவிட்டது.

அடுத்த வேலை ஊரின் மறுகோடியில் ஒரு அலுவலகக் கட்டிடத்தில். மதியம் மெஷின் ரூமில் ஒரு வயரின் உறையைப் பல்லால் உரித்தபோது பயம் வந்தது. அந்த எட்டு மாடி. விட்டுவிட்டாயா? ஐந்து ஜம்பரும் எதிரில் இருந்தன. ஒன்றிலிருந்து ஐந்து வரை நம்பர் தெரிந்தது. விட்டிருந்தால்? நம்பர் அழிந்த பழையது ஏதாவது? யாராவது விழுந்திருந்தால்? இந்த "தால்" எல்லாம் எனக்குப் பழக்கம். காலையில் ஏமாந்தது போதும் என்று பல்லைக் கடித்தேன். இன்றைக்கு இரண்டாவது கூலி கிடையாது. மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

நெற்றி இறுகியிருந்தது. தொண்டை அடைத்திருந்தது. நெஞ்சு தடதடத்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிறு புரண்டது, பார்த்தேன். ஏறியது, உச்சிக்குப் போனது, ஐந்தாறு நிமிஷத்தில் இறங்க ஆரம்பித்தது. எனக்கே பெருமையாக இருந்தது. தோளுக்கு வந்தேன், முழங்கைக்கு வந்தேன், வலது கைக்கு வந்தேன்.

கட்டைவிரல் நுனியில் சுருக்கென்று ஒரு வலி இருந்தது.

முள் மாதிரி. கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒரு மயிரிழை செம்புக் கம்பி தோலுக்குள் ஏறியிருந்தது, சுற்றிலும் சிவந்து, சில மணி நேரம் ஆன காயம். ஜம்பரில் கம்பி வெளியே தெரியாது. கவ்வி யாரையும் குத்தாது. உறை உரித்த வெறும் வயரை விரலால் முறுக்கினால்தான் இப்படி ஏறும். இங்கே நான் இன்னும் எதையும் முறுக்கவில்லை.

அப்புறம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. காலையில் இரண்டாம் முறை மேலே போனபோது, பேனலில் கதவுகளுக்கான பச்சை விளக்கு எரிந்தது. எல்லாக் கதவும் சாத்தியிருந்தால் எரியும், ஒன்று திறந்தாலும் அணையும். எரிவதைப் பார்த்தும் போதவில்லை எனக்கு. விளக்கே பொய் சொன்னால்? வயரை மாட்டினால் கதவு திறக்கும்போதும் அணையாமல் எரிய வேண்டும், அப்படி எரிகிறதா என்று சோதித்துப் பார்க்க நினைத்தேன். ஜம்பர்கள் கீழே வண்டிக்குள் இருந்தன. தரையில் கிடந்த ஒரு துண்டு வயரை எடுத்து, பல்லால் உரித்து, முறுக்கி, இரண்டு முனைக்கும் நடுவே செருகினேன். அப்போதுதான் போன் அடித்தது. பேனலைச் சாத்தினேன். வயரை எடுக்கவில்லை.

மூன்று வருஷத்தில் பயம் என்னிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறது. இது கேள்வியே கேட்கவில்லை. வயர் அங்கே இருக்கிறது என்று சொன்னது, அவ்வளவுதான். நெஞ்சு தடதடக்கவில்லை. உடம்பு முழுக்கச் சில்லிட்டுப் போயிருந்தது. மறந்துவிட்டேனா மறந்துவிட்டேனா என்று பார்க்கப் போய், மறந்துவிட்டு வந்திருந்தேன்.

வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன். ஐந்தாவது மணியில் எடுத்தார்.

"அண்ணே, லிஃப்ட்ட உடனே நிறுத்துங்க. உங்க ரூம்ல இருக்கற மெயின் சுவிட்ச்ச—"

"தம்பி, திரும்ப ஆரம்பிச்சுட்டியா?" என்று சிரித்தார். "உன் வீட்டுக்காரம்மா எல்லாம் சொல்லியிருக்கு. நான் ஒண்ணும் சொல்லக் கூடாதாம். இருந்தாலும் ஒண்ணே ஒண்ணு சொல்றேன், நிம்மதியா இரு. நீ போனதுலேர்ந்து லிஃப்ட் ஒரு தடவகூட நிக்கல. எவன் கதவத் தொறந்து போட்டாலும் தன்னால ஓடுது! எத்தன வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் நான் உக்காந்து சாப்பிடறேன்."

 நான் கத்துவதற்குள் அவர் வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். புலி வருது புலி வருது என்று நான் கத்திய கத்தலெல்லாம் அந்த மணியோசையில் கேட்டது. வண்டியில் போனால் இருபத்தைந்து நிமிஷம். இருபத்தைந்து நிமிஷத்தில் எத்தனை பேர் அந்த மூன்றாவது மாடியிலிருந்து வெளியே வருவார்கள்?

மனைவியைக் கூப்பிட்டேன். யூனிட்டின் இரைச்சலுக்கு நடுவே, "என்னங்க, மூச்சக் கவனிங்க. எங்க உக்காந்திருக்கீங்க?" என்றாள். டாக்டர் பேசிய அதே குரலில். எனக்கு அழுகை வந்தது.

"உங்கிட்ட பொய் சொன்னேன்," என்றேன். "காலைல நான் ரோட்டுல இல்ல. திரும்ப மேல போயிருந்தேன். நீ போன் பண்ணப்ப ஒரு வயர மாட்டிக்கிட்டு நின்னேன். அத எடுக்காம வந்துட்டேன். நான் உங்கிட்ட ஆறுதல் கேக்கல. நீ எதுவும் சொல்ல வேணாம். கண் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் என் போன எடுக்கல, நீ பண்ணினா எடுப்பாரு. மெயின் சுவிட்ச்ச இழுத்துட்டு மூணாவது மாடிக்கு ஓடச் சொல்லு."

 எந்தத் துணியில் எந்த நூல் விட்டிருக்கிறது என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறவள் அவள்.

"வைங்க," என்றாள்.

எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. சிக்னலில் நின்றபோதெல்லாம் அந்தப் பெண்ணின் இரண்டு பைகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன. குழிக்குள் அவை கிடந்த கிடப்பு. ஹாரன் அடித்தவனைப் பார்த்து, "செத்துடுவாங்கடா!" என்று கத்தினேன். அவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்து வழி விட்டான். கடவுளே, யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, வேலை போகட்டும், ஜெயிலுக்கு வேண்டுமானாலும் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

கட்டிட வாசலில் கூட்டம் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. வாட்ச்மேன் ரூமில் சாப்பாட்டு டப்பா பாதியில் திறந்து கிடந்தது. சுவரில் மெயின் சுவிட்ச் கீழே இழுக்கப்பட்டிருந்தது. படியில் பாய்ந்தேன். இரண்டாவது மாடியிலேயே மேலே ஒரு அம்மாவின் குரல் கேட்டது.

"கதவுதான் திறந்திருக்கே? உள்ள போக விடமாட்டேங்கறானே இந்த ஆளு!"

மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. கிரீஸ் பூசிய கம்பிகளும் இருட்டும்தான். அதற்கு முன்னால் வாட்ச்மேன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முதுகை அந்த இருட்டுக்குக் காட்டி நின்றார். எதிரில் ஐம்பது ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருத்தர். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணில் மருந்து ஊற்றி, நீர் வழிந்துகொண்டிருந்தது. கையில் மருந்துச் சீட்டு.

வாட்ச்மேனின் முகத்தில் ரத்தமே இல்லை. "உள்ள வைக்க ஒரு காலத் தூக்கிட்டாங்க தம்பி," என்று முணுமுணுத்தார். "நான் தோளப் புடிச்சு இழுத்தேன். உன் வீட்டுக்காரம்மா, சுவிட்ச்ச இழுத்துட்டு மூணாவது மாடிக்கு ஓடுங்கன்னு சொல்லிச்சு. ஏன்னு கேக்கல, ஓடியாந்துட்டேன்."  நான் கதவைச் சாத்தி, பூட்டு விழுந்ததை இழுத்துப் பார்த்தேன். அவர் அதன்மேல் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தள்ளினதுமில்லாம கதவ வேற சாத்தறீங்களா? யாருப்பா நீ?" என்றார் அந்த அம்மா.

"லிஃப்ட் மெக்கானிக்மா. லிஃப்ட் ஓடாது. வாங்க, படியில கூட்டிட்டுப் போறேன்."

"மெக்கானிக்குன்னு ஒருத்தன் வந்தாலே இப்படித்தான். நல்லா ஓடிக்கிட்டிருந்ததக் கெடுத்துடுவீங்க," என்று திட்டிக்கொண்டே கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். வெதுவெதுப்பான கை, உயிருள்ள கை. முதல் படியில் காலால் துழாவி, பாதத்தை வைத்து, அப்புறம் அடுத்த கால். மகன் கீழே வண்டியோடு காத்திருப்பதாகச் சொன்னார். டாக்டர் ஊற்றிய மருந்து சாயந்திரம் வரைக்கும் இருக்குமாம், எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறதாம். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டு இறங்கினேன். 

பாதி வழியில் நின்றார். "கண்ணுல மருந்து ஊத்தினது எனக்கு. உன் கை ஏம்பா இப்படி நடுங்குது?"

"பயமா இருக்கும்மா."

"என்ன பயம்?"

"நீங்க விழுந்துடுவீங்களோன்னு."

சிரித்தார். கோபமெல்லாம் போய்விட்டது. "எப்படி விழுவேன்? அதான் நீ புடிச்சிருக்கியே," என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம், அவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. "அம்மா, மேல கதவு திறந்திருந்துச்சுல்ல. அதுக்குள்ள லிஃப்ட் இல்ல. வெறும் குழி. லிஃப்ட்ட அப்படிப் பண்ணி வச்சுட்டுப் போனது நான்தான்," என்றேன்.

அவர் நீர் வழியும் அந்த ஒரு கண்ணால் என் முகம் இருக்கும் இடத்தைப் பார்த்தார். என் கைக்குள் இருந்த விரல்கள் குளிர்ந்துபோயின. பிறகு மெதுவாகக் கையை உருவிக்கொண்டார். சுவரைத் தடவி, கைப்பிடிக் கம்பியைத் தேடிப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தானாகவே அடுத்த படிக்குக் காலை நீட்டினார்.

நான் அவரைத் தாண்டி இரண்டு படி கீழே போய், அவர் பக்கம் திரும்பி நின்றேன். அவர் ஒரு படி இறங்க, நான் ஒரு படி பின்வாங்கினேன். விழுந்தால் என்மேல் விழட்டும் என்று கையை விரித்து வைத்திருந்தேன். அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்படியே தரைத்தளம் வரைக்கும் இறங்கினோம்.